பொருந்தாத பதினேழு கையெழுத்துகள்

போன மாதம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.

"அக்கா, கையெழுத்துக் கார்டு எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி சென்னைக்கு அனுப்பச் சொல்லிப்போட்டாங்க. இனிமேல் ஒப்பிட்டுப் பாக்கறதெல்லாம் அங்க கம்ப்யூட்டரே பாத்துக்குமாமா. பொருந்தலீன்னா அதுவே லெட்டர் அடிச்சு அனுப்பீருமாமா" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க இதையெல்லாம் எப்படிப் பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன். இங்க கேக்கறதுக்கு ஆளே இல்லீங்க" என்றாள்.

எழுதித் தருகிறேன் என்றேன். எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம் போதும். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோதுதான், அந்த ஒரு பக்கத்தை நான் முப்பது வருஷம் ஒழுங்காகப் பின்பற்றியும் நடந்துபோன ஒரு காரியத்தைச் சொல்லாமல் அதைக் கொடுப்பது சரியில்லை என்று பட்டது.

எங்கள் அலுவலகத்துக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு. திருப்பூரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'டிரஸ்ட் ஆபீஸ்' என்றால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுவிடுவார். டிரஸ்ட் என்றதும் தர்ம ஸ்தாபனம் என்று நினைத்துக்கொண்டு கண் ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வந்தவர்களும் உண்டு. உண்மையில் அது ஒரு முதலீட்டுக் கம்பெனி. பலபேரிடம் வாங்கிய பணத்தை மொத்தமாக வேறு பல கம்பெனிகளின் பங்குகளில் போட்டு, அங்கிருந்து வரும் லாபப் பங்கை, அதாவது டிவிடெண்டை, எங்கள் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் வேலை.

ஆரம்பித்தவர்கள் ஆறு பேர். தோட்டத்தை வைத்துக்கொண்டே பனியன் கம்பெனி போட்ட கவுண்டர்கள் நாலு பேர், ஒரு டாக்டர், ஒரு பஞ்சு வியாபாரி. நூல் விலை தாறுமாறாக ஏறிய ஒரு வருஷத்தில் ஊரில் எல்லோரும் ஒரே சமயத்தில் அடி வாங்கினார்கள். கடன் கேட்கப் போனால் கொடுக்கிறவனும் அதே தொழிலில் அடிபட்டுக் கிடந்தான். அப்போதுதான் இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். டிரஸ்ட்டின் பணம் பஞ்சு, நூல், துணி, சாயம் நான்கிலும் போகக் கூடாது என்பது முதல் நாளே எழுதிவைத்த விதி. டயர், மருந்து, மின்சாரம், சோப்பு என்று எதில் வேண்டுமானாலும் போடலாம். மாதத்தின் இரண்டாவது புதன்கிழமை முதலீட்டுக் கமிட்டி கூடும். ஒவ்வொரு கம்பெனியைப் பற்றியும் ஒரே பக்கத்தில் குறிப்பு இருக்க வேண்டும். கமிட்டி கேட்கும் முதல் கேள்வி, "நூல் வெல ஏறுனா இவங்களுக்கு வலிக்குமா?" வலிக்கும் என்றால் அந்தக் குறிப்பு அத்தோடு மூடப்படும்.

இன்னொரு விதியும் இருந்தது. நல்ல வருஷத்தில் வந்த வருமானம் முழுவதையும் பிரித்துக் கொடுத்துவிடக் கூடாது. ஒரு பகுதியை ஒதுக்கி வைத்து, கெட்ட வருஷத்தில் அதிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். நல்ல வருஷங்களில் இதற்காகத் திட்டு வாங்குவோம். கெட்ட வருஷங்களில் யாரும் பாராட்ட வரமாட்டார்கள், ஆனால் டிவிடெண்ட் காசோலை தபாலில் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆறு பேரில் ஒருவர், தன் பனியன் கம்பெனி தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆனபோது, அங்கே வேலை செய்த எல்லோருக்கும் டிரஸ்ட் பங்குகளைக் கொடுத்தார். கட்டிங் மாஸ்டரிலிருந்து கைமடிப் பெண்கள் வரை. கைமடி என்றால் பீஸ்களை எடுத்துக் கொடுத்து, மடித்து, அடுக்குகிற உதவி வேலை. வேட்டி சேலை கொடுத்திருக்கலாமே என்று அப்போது பலபேர் முணுமுணுத்தார்களாம். பின்னால் போனஸ் பங்குகள் சேர்ந்து சேர்ந்து அது நல்ல தொகையானது. அந்தக் கம்பெனி மட்டும் அவருடைய பிள்ளைகள் காலத்தில் மூடப்பட்டுவிட்டது.

நான் ஊத்துக்குளிப் பெண். பி.காம். முடித்த வருஷம் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பாசஞ்சர் ரயிலில் வந்து சாயங்காலம் அதிலேயே திரும்பிப் போவேன். பங்குப் பிரிவில் என்னோடு இருந்த மூத்த கிளார்க் இரண்டே வருஷத்தில் ஓய்வு பெற்றார். அதன் பிறகு அந்த அறையும், எட்டு இரும்பு அலமாரிகளும், அவற்றின் இழுவறைகளில் வரிசை எண்படி அடுக்கிய கையெழுத்துக் கார்டுகளும் என் பொறுப்பு.

வேலை இதுதான். ஒருவர் தன் பங்கை விற்கிறார் என்றால் பங்குப் பத்திரமும், கையெழுத்திட்ட மாற்றுப் படிவமும் எங்களுக்கு வரும். அந்தக் கையெழுத்தை, பங்கு வாங்கிய நாளில் அவர் போட்டுக் கொடுத்த கார்டோடு நான் ஒப்பிட வேண்டும். முதலில் எழுத்தைப் படிக்கக் கூடாது. படித்தால் பெயர் மனதில் பதிந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றிவிடும். தாளைத் தலைகீழாக வைத்துக் கோட்டை மட்டும் பார்க்க வேண்டும். பேனா எங்கே தொடங்கியது, எங்கே தூக்கப்பட்டது, சாய்வு எந்தப் பக்கம், அழுத்தம் எந்த இடத்தில். பழகிய கை வேகமாக ஓடும். பார்த்து எழுதுகிற கை மெதுவாகப் போகும். மெதுவாகப் போகும் கோடு நடுங்கும். நடுங்கினால் பூதக்கண்ணாடியை எடுக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால், 'கையெழுத்து பொருந்தவில்லை, பதிவேட்டில் உள்ளபடி கையெழுத்திட்டு மீண்டும் அனுப்பவும்' என்று அச்சடித்த கடிதத்தை இணைத்து, நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, பதிவேட்டில் எழுத வேண்டும்.

இதில் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர். அண்ணன் கையெழுத்தைத் தம்பி போட்டதை இரண்டு முறை பிடித்திருக்கிறேன். நான் பார்த்துச் சரி என்று சொன்ன ஒன்றுகூடத் தவறாகப் போனதில்லை. நான் தவறு என்று சொல்லி அனுப்பியவை என்ன ஆயின என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

செகரட்டரி சின்னச்சாமி அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர், எப்போதும் முழுக்கை வெள்ளைச் சட்டை. எதையும் நின்றுகொண்டுதான் படிப்பார். உட்கார்ந்தால் கண் வரிகளைத் தாண்டிவிடும் என்பார். யாரிடமும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லமாட்டார். "பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்பார். அப்படிச் சொன்னால் மறுநாள் பதில் கட்டாயம் போகும். என்னை 'அம்மிணி' என்றுதான் கூப்பிடுவார். சிக்கனம் என்றால் சாதாரணச் சிக்கனமில்லை. ஒருபக்கம் அச்சான தாளின் பின்பக்கத்தில்தான் குறிப்பு எழுத வேண்டும், குண்டூசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் என்னை ஒருமுறை திட்டியதில்லை, ஒருமுறை பாராட்டியதும் இல்லை.

சாயப்பட்டறைகள் மூடப்பட்ட சமயம் அது. ஆற்றில் கழிவு விடுவது சம்பந்தமான கோர்ட் உத்தரவு வந்து, ஊரில் சாயம் போடுவது நின்றுபோயிருந்தது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றி எடுத்துவர வேண்டும். சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. என் வீட்டுக்காரர் ஒரு சாயப்பட்டறையில் கணக்கராக இருந்தார். அவருக்கும் வேலை போய்விட்டது. தினமும் காலையில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் வாசலில் நிற்பார். வீடு என் சம்பளத்தில் ஓடியது.

அந்த நேரத்தில்தான் டிரஸ்ட்டுக்கு அந்தக் கடிதம் வந்தது. வெளியூரைச் சேர்ந்த ஒரு முதலீட்டாளர் கூட்டம் சத்தமில்லாமல் எங்கள் பங்குகளை வாங்கிக் குவித்திருந்தது. டிரஸ்ட்டைக் கலைத்து, கையில் இருக்கும் பங்குகளை எல்லாம் விற்று, பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் பொய்யில்லை. எங்களிடம் இருந்த சொத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் மதிப்பில் பாதி விலைக்குக்கூட எங்கள் பங்கை வாங்க ஆள் கிடையாது. கலைத்தால் முழு மதிப்பும் கைக்கு வரும். ஊர் முழுக்கப் பணமுடை. யாருக்குத்தான் ஆசை வராது?

தீர்மானம் நிறைவேற, விழும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவாக வேண்டும். நேரில் வர முடியாதவர்கள் தங்கள் சார்பில் வாக்களிக்க இன்னொருவரை நியமித்து, பிராக்ஸி படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அந்தக் கையெழுத்துகளைச் சரிபார்ப்பது என் வேலை.

கூட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது ஒரு கட்டு பிராக்ஸி வந்தது. மூடிப்போன அந்தப் பனியன் கம்பெனியில் வேலை செய்தவர்கள் நாற்பத்து மூன்று பேருடையது. எல்லாமே கலைப்பதற்கு ஆதரவு. கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முழு நாள் பார்த்தேன். பதினேழு பொருந்தவில்லை.

அந்தப் பதினேழைத் தனியாக எடுத்துவைத்தபோது எனக்கு மனசு லேசானது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வந்த ஆதரவு நான்கில் மூன்று என்ற எல்லைக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தது. இந்தப் பதினேழும் போனால் டிரஸ்ட் தப்பித்துவிடும், என் வேலையும் தப்பித்துவிடும். விதிப்படி தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரமும் இருந்தது. ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் 'தள்ளுபடி' என்று எழுதி, செகரட்டரியிடம் கொண்டுபோனேன்.

அவர் நின்றுகொண்டே பதினேழையும் புரட்டினார்.

"இதுல எத்தன பேர்த்த உங்களுக்கு நேர்ல தெரியுமுங்கம்மிணி?"

"யாரையும் தெரியாதுங்க சார்."

"நடுங்குது, சரி. கார்டு போட்டு எத்தன வருசமாச்சு? கை நடுங்காதுங்களா?"

"விதிப்படி பொருந்தலீங்களே சார்."

"விதிப்படி சரிதான்." படிவங்களை மேஜைமேல் வைத்தார். "கூட்டத்துக்கு இன்னும் நாளிருக்குது. நீங்க நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துருங்க. அடையாள அட்டை பாத்து, உங்களுக்கு முன்னால ஒருக்கா கையெழுத்துப் போடச் சொல்லி, சாட்சி நீங்க போடுங்க. வண்டிச் செலவுக்குப் பில் வேணும்."

அன்று மத்தியானமே சேர்மன் வந்துவிட்டார். டிரஸ்ட்டை ஆரம்பித்த ஒருவருடைய மகன் அவர். கதவு திறந்திருந்ததால் பேச்சு என் அறைக்கே கேட்டது.

"ஏனுங்க சின்னச்சாமி, தள்ளறதுக்கு இடமிருக்கறபோது ஊடு ஊடாப் போய்ச் சரி பண்ணிக் குடுக்கறீங்களாமா? அந்தாளுக நம்மள மூடறதுக்கு நாமளே ஓட்டு சேத்திக் குடுக்கறதுங்களா?"

"தள்ளலாமுங்க. ஆனா இது அவங்க போட்டதில்லைன்னு உங்களாலயோ என்னாலயோ சொல்ல முடியுங்களா?"

"முடியாதுங்க. அத நாம சொல்ல வேண்டியதும் இல்லீங்களே."

"சொல்லாமத் தள்ளறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. அவங்களும் நம்ம பங்குதாரருங்கதானுங்க. டிரஸ்ட் நிக்கோணும்னு நினைக்கறவங்க மட்டும் பங்குதாரருங்கன்னு எங்கயும் எழுதி வைக்கலீங்களே."

"என்னமோ பண்ணுங்க" என்று சேர்மன் எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் அலைந்தேன். பெரும்பாலும் செகரட்டரி சொன்னதுதான். வயதாகிவிட்டது, பார்வை மங்கிவிட்டது. ஒருவர் அந்தக் காலத்தில் தமிழில் போட்டவர், இப்போது மகன் சொன்னான் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார். ஒருவர் இறந்து நான்கு வருஷமாகியிருந்தது. அவர் மகன், தவறு என்று தெரியாமலே, அப்பா பெயரைப் போட்டு அனுப்பியிருந்தான். இன்னொருவர், தான் எதிலும் கையெழுத்துப் போடவே இல்லை என்றார். அந்த இரண்டையும் தள்ளினேன்.

பதினேழாவது வீடு அனுப்பர்பாளையத்தில் ஒரு லைன் வீடு. பக்கத்துப் பட்டறையில் பாத்திரம் தட்டும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. ஞானசுந்தரி என்று பெயர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் புருஷனோடு திருப்பூருக்கு வந்தவர், இப்போது விதவை. தரையில் உட்கார்ந்து, குவித்துப்போட்ட டி-சர்ட்டுகளில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரிக்கோல் இடது கையில் இருந்தது.

டிரஸ்ட்டிலிருந்து வருகிறேன் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"அங்கேருந்து ஆளும் வருமா? கடுதாசி மட்டுந்தான் வரும்னு நெனச்சேன். உள்ள வாங்க."

படிவத்தைக் காட்டி, "இது நீங்க போட்டதுங்களா?" என்று கேட்டேன்.

"நாந்தான் போட்டேன்."

"எங்க கார்டுல வேற மாதிரி இருக்குதுங்களே."

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். முந்தானைக்குள் இருந்த வலது கையை எடுத்து என் முன்னால் நீட்டினார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, மடங்கிப்போய், தோல் மெழுகுபோல இருந்தது. பனியன் கம்பெனி மூடியபிறகு காலண்டரிங் யூனிட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். துணியைச் சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுச் சுருக்கமெடுக்கும் இடம். துணியோடு கையும் உள்ளே போய்விட்டது.

"இப்ப இடது கையில போடுதேன். அதான் உங்களுக்குச் சேரல" என்றார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்தார். அதிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். மூன்றும் ஒரே அச்சுக் கடிதம். மூன்றிலும் என் கையெழுத்து.

"எம்மவ ஜெனிக்கு நர்சிங்ல எடம் கெடச்சிச்சு. எங்க பழைய கம்பெனி மேனேஜரு இந்தப் பங்க வாங்கிக்கிடுதேன்னு சொன்னாரு. பாரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். சேரலன்னு வந்திச்சு. சரி, பழையபடியே போட்டுப் பழகுவோம்னு ஒரு நோட்டு முழுக்க இடது கையில எழுதிப் பாத்து அனுப்பினேன். அதுவும் சேரலன்னுட்டிய. மூணாவது தடவ ஜெனி எங் கையப் பிடிச்சுக்கிட்டா. ரெண்டு பேருமாச் சேந்து போட்டோம். அதுக்குள்ள காலேஜ்ல சேர வேண்டிய தேதி போயிட்டு. மேனேஜரும் வேண்டாம்னுட்டாரு."

அந்த மூன்றாவது கையெழுத்து எனக்கு ஞாபகம் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, 'இருவர் கை, வரையப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதியிருந்தேன். அன்றைக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு நுணுக்கமாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று.

"நேர்ல வந்து சொல்லியிருக்கலாமுங்களே" என்றேன். கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று தெரிந்தது.

"வந்தா யாரப் பாக்க? கடுதாசில ஒரு ஆள் பேரு இல்ல, போன் நம்பரு இல்ல. ஒரு சுழிச்ச கையெழுத்து மட்டும் இருக்கு."

நான் சான்றுத் தாளை எடுத்தேன். அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் இருந்ததும் அதுவும் ஒன்றேதான். ஒரு சந்தேகமும் இல்லை. கீழே சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். அவர் அந்தத் தாளை எடுத்து, தரையில் கிடந்த கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாக, நிதானமாகப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"ஆமாங்க. நான்தான்."

அவர் கடிதங்களை மடித்துக் கவரில் போட்டார்.

"டீ குடிக்கியளா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. டீயைக் குடிக்கும்போது, டிரஸ்ட்டை மூட வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மூடணும்னு எனக்கென்ன ஆசையா? வருசா வருசம் உங்க டிவிடெண்ட் ஒழுங்கா வந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா எங் காசு எனக்கு வேணுங்கும்போது எடுக்க முடியல. மூடுனா எல்லாருக்கும் கைக்கு வரும்னு ஒரு தம்பி வந்து சொன்னாரு. அதுக்கு வேற வழி நீங்க ஒண்ணும் வைக்கலியே."

அலுவலகத்துக்குத் திரும்பி நடந்தது முழுவதையும் செகரட்டரியிடம் சொன்னேன். அவர் திருப்பி அனுப்பியவற்றின் பதிவேட்டைக் கேட்டார். அன்று முதல்முறையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றைப் படிப்பதைப் பார்த்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"மாசக் கடைசில ஒவ்வொரு பக்கத்துலயும் நான் கையெழுத்துப் போட்டிருக்கறனுங்கம்மிணி. எண்ணிக்கை கூட்டி வருதான்னு மட்டும் பாத்திருக்கறேன்" என்றார். பதினைந்து பிராக்ஸிகளிலும் நான் பென்சிலில் எழுதியதை ரப்பரால் அழித்து, ஏற்கப்பட்டது என்று முத்திரை வைத்தார்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாக்கெடுப்பு முடிந்து எண்ணி முடிக்கச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. செகரட்டரி மேடையில் நின்று முடிவைப் படித்தார். கலைக்கச் சொன்னவர்களுக்கு நான்கில் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்திருந்தது. மயிரிழையில் டிரஸ்ட் பிழைத்தது. மண்டபத்தில் கைதட்டினார்கள். சேர்மன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்குக் கைதட்டத் தோன்றவில்லை. என் வேலை தப்பியதில் சந்தோஷம்தான்; அதை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் வாக்களித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள், நன்றாக நடக்கும் ஒரு நிறுவனத்தை மூடச் சொல்லியிருந்தார்கள் என்பதை மறக்க முடியவில்லை.

செகரட்டரிக்கும் அதே எண்ணம் இருந்திருக்க வேண்டும். அடுத்த போர்டு கூட்டத்துக்கு அவர் ஒரு குறிப்பு எழுதினார். வழக்கம்போல ஒரே பக்கம். உள்ளே வர வழி வைத்த நாம் வெளியே போக வழி வைக்கவில்லை என்று அதில் எழுதியிருந்தார். விரும்புகிறவர்களிடமிருந்து வருஷத்துக்கு ஒருமுறை டிரஸ்ட்டே நியாயமான விலைக்குப் பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருந்தார். சேர்மன் கையிருப்பு குறையுமே என்று எதிர்த்தார். மூன்று கூட்டங்கள் இழுத்து, கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். இன்றைக்கும் அது நடக்கிறது.

என் பிரிவிலும் ஒரு மாற்றம் செய்தோம். அச்சடித்த கடிதத்தை நிறுத்தினோம். பொருந்தாத ஒவ்வொன்றுக்கும், என்ன காரணம் என்று கேட்டு, என் பெயரும் போன் நம்பரும் போட்டுக் கையால் எழுதினேன். பதில் வராவிட்டால் இன்னொரு முறை எழுதுவோம். அப்படியும் வராவிட்டால் யாராவது நேரில் போவோம். வேலை இரண்டு மடங்கானது. ஆள் கேட்டபோது செகரட்டரி தரவில்லை, சிக்கனம் மாறவில்லை. திவ்யா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். கோட்டை எப்படிப் பார்ப்பது என்று கம்ப்யூட்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியலாம். அது அனுப்பும் கடிதத்தில் ஒரு மனிதரின் பெயரும் நம்பரும் இருக்கும்படி மட்டும் பார்த்துக்கொள்.

பங்கு திரும்ப வாங்கிய முதல் வருஷம், ஞானசுந்தரி மகளோடு அலுவலகத்துக்கு வந்தார். என் மேஜையிலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார். ஜெனி அம்மாவின் கைப்பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், பேச்சு எங்களைப் போலவே இருந்தது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருப்பதாகச் சொன்னாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, இந்தப் பணம் அதற்குத்தான்.

"இப்பக்கூடப் படிக்கலாமுங்களே, கண்ணு. நர்சிங்குக்கு வயசு ஒண்ணும் தாண்டிப் போயிரலியே" என்றேன். ஏதாவது ஒன்றைச் சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

அவள் யோசித்துவிட்டு, மரியாதையாகத்தான் சொன்னாள்: "இல்லீங்க மேடம். அந்த வருசமே பணம் கெடைச்சிருந்தாப் போயிருப்பேனுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால், நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.